வேலூர் வெயிலில் பகல் பல்லி வளர்ப்பு

பகல் பல்லி வளர்ப்புக்கு வெளிநாட்டுக் குறிப்புகளைத் தேடினால் பாதிக்கு மேல் சூடேற்றுவது பற்றித்தான் இருக்கும். ஹீட் பல்ப், ஹீட் மேட், இரவுக்குத் தனி விளக்கு. அதை அப்படியே வேலூரில் செய்தால் சித்திரை தாண்டாது, பல்லி செத்துவிடும். நம் ஊரில் தொட்டியைக் குளிர்ச்சியாக வைப்பதுதான் பெரும்பாடு.

பகல் பல்லிகளின் பேரினம் ஃபெல்சுமா. இதற்கு மடகாஸ்கரும் அதைச் சுற்றியுள்ள தீவுகளும் தாயகம். நம் வீட்டுப் பல்லி இரவில் அலையும். இது பகலில் மேயும். முதல் முறை வளர்ப்பவர்களுக்கு கிராண்டிஸ் என்ற இனம் நல்லது: 25 செ.மீ. வரை வளரும், தாக்குப்பிடிக்கும். லேட்டிகாடா என்ற இனம் அதில் பாதிதான் இருக்கும், முதுகில் பொன்தூள் தூவினாற்போல் புள்ளிகள். அந்தமானிலும் இதே பேரினத்துப் பல்லி ஒன்று உண்டு. அதைப் பிடித்து வந்து யார் விற்றாலும் வாங்கக் கூடாது. அது காட்டில் இருக்க வேண்டியது. மற்ற வகைகளும் சைட்டிஸ் என்ற பன்னாட்டு வனவுயிர் வணிக ஒப்பந்தத்தின் இரண்டாம் இணைப்பில் வருவதால், வைத்திருப்பதையும் குஞ்சு பொரிப்பதையும் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் பரிவேஷ் இணையதளத்தில் பதிய வேண்டும். ரசீது இல்லாத பல்லி எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் வேண்டாம்.

ஒரு ஜோடி கிராண்டிஸுக்கு 60 செ.மீ. அகலம், 45 ஆழம், 90 உயரம் வேண்டும். நான்கு பக்கமும் கண்ணாடி போட்டால் மே மாதம் அது அடுப்புதான். மேற்பக்கமும் ஒரு பக்கச் சுவரும் ஸ்டீல் வலையாக இருக்கட்டும். உள்ளே 4 முதல் 5 செ.மீ. துளையுள்ள மூங்கில் குழாய்களை நிறுத்தியும் சாய்த்தும் வையுங்கள், இரண்டு தொட்டிச் செடிகள் போதும். பாம்புக் கற்றாழையின் அகல இலை இதற்குப் பிடித்த படுக்கை. யூவிபி என்ற புற ஊதாக் கதிர் தரும் டியூப் 12 மணி நேரம் எரிய வேண்டும். அதைக் கண்ணாடிக்கு மேல் வைத்துப் பயனில்லை, கண்ணாடி அந்தக் கதிரைத் தடுத்துவிடும்.

பகலில் 28 முதல் 30 டிகிரி, வெயில் காயும் ஓரிடத்தில் மட்டும் 33, இரவில் 24 என்பது கணக்கு. பங்குனி முதல் ஆனி வரை அந்த இடத்துக்குச் சூடு தரும் ஹீட் பல்பைக் கழற்றியே வைத்துவிடலாம். தொட்டியை மொட்டை மாடிக்கு நேர்க் கீழ் அறையில் வைக்காதீர்கள்: பகலெல்லாம் காய்ந்த கான்கிரீட் இரவிலும் அனல் விடும், சுற்றியுள்ள பாறை மலைகளும் அப்படித்தான். தரைத்தளத்தில் வடக்குச் சுவர் ஓரம் சரி. ஜன்னலில் வெட்டிவேர்த் தட்டி கட்டி நனைத்து, காற்று அதன் வழியே வரும்படி டேபிள் ஃபேன் வைத்தால் சூடும் குறையும், வறட்சியும் குறையும். மின்தடைக்கு அந்த ஃபேனாவது இன்வெர்ட்டரில் இருக்க வேண்டும். பல்லி வாயைத் திறந்தபடி தொட்டியின் அடியில் வந்து ஒட்டிக்கொண்டால் சூடு மிஞ்சிவிட்டது என்று பொருள். உடனே சாதாரணத் தண்ணீரைத் தெளியுங்கள், ஐஸ் தண்ணீர் கூடாது.

காலையும் மாலையும் இலைகளில் தெளிக்க வேண்டும். கிண்ணத்தை விட இலைத் துளிகளை நக்கித்தான் விரும்பிக் குடிக்கும். போர் தண்ணீர் உப்பாக இருந்தால் தெளிப்பான் அடைத்துக்கொள்ளும், கண்ணாடியில் வெள்ளை படியும். ஆர்.ஓ. தண்ணீர் வையுங்கள்.

தீனி சுவர்க்கோழி. பல்லியின் இரு கண்களுக்கு இடைப்பட்ட அகலத்தை விடப் பெரிய பூச்சி வேண்டாம். கொடுப்பதற்கு முந்தைய நாள் அந்தப் பூச்சிக்கு முருங்கைக்கீரை போடுங்கள், மருந்து அடிக்காத வீட்டு மரத்துக் கீரையாக. கால்சியம் தூளில் புரட்டிக் கொடுக்க வேண்டும். வாரம் இருமுறை நார் எடுத்த மாம்பழக் கூழ் அல்லது பப்பாளி, ஒரு பாட்டில் மூடி அளவு.

இனப்பெருக்கத்துக்குப் பெண்ணின் கழுத்தைப் பாருங்கள். இருபுறமும் தோலுக்கடியில் வெள்ளையாகச் சிறு பை புடைத்திருக்கும். அது கால்சியம் சேமிப்பு. அது இல்லாத பெண்ணை ஜோடி சேர்த்தால் முட்டைக்கு எலும்பிலிருந்துதான் சுண்ணம் போகும். ஆணுக்குத் தொடையின் உட்புறம் துளைகள் வரிசையாகத் தெரியும். ஒரு தொட்டியில் இரண்டு ஆண் கூடவே கூடாது. சேரும்போது கழுத்தைக் கவ்வுவது இயல்பு. துரத்திக் கடித்துத் தோல் கிழிந்தால் பிரித்துவிடுங்கள். கையால் பிடிக்காதீர்கள், தோல் ஈரத்தாள் போல உரிந்துவரும்.

ஆடிக் கடைசியில் சேர்ப்பது நல்லது. முட்டைகளுக்குப் புரட்டாசி, ஐப்பசியின் தணிந்த காற்று கிடைக்கும். வழக்கமாக இரண்டு முட்டை. ஓடு இறுகும்வரை பெண் அவற்றைப் பின்னங்கால்களால் பிடித்து உருட்டிக்கொண்டிருக்கும், அப்போது தொந்தரவு வேண்டாம். இரண்டும் ஒன்றோடொன்று ஒட்டிவிடும். பிரித்தால் ஓடு உடையும். மேல்பக்கம் பென்சிலால் புள்ளி வைத்து, அதே பக்கம் மேலிருக்க எடுங்கள். ஒரு டப்பாவில் ஈர வெர்மிகுலைட் (ஈரத்தைப் பிடித்து வைக்கும் கனிமத் துகள்), அதன் மேல் ஒரு பாட்டில் மூடி, அதில் முட்டை. ஈரம் முட்டையைத் தொடக் கூடாது, சுற்றியுள்ள காற்றில் இருந்தால் போதும். இந்த டப்பாவைத் தெர்மோகோல் பெட்டிக்குள் 28 டிகிரியில் வைத்தால் ஏறக்குறைய 2 மாதத்தில் பொரிக்கும். மார்கழிக் குளிரில் மட்டும் தெர்மோஸ்டாட்டோடு சிறு ஹீட் மேட் தேவைப்படும்.

தை பிறந்ததும் ஜோடியைப் பிரியுங்கள். பெண் விந்தைச் சேமித்து வைப்பதால் அதற்குப் பிறகும் முட்டை வரலாம். கோடையில் வரும் முட்டை 32 டிகிரிக்கு மேல் நாள்கணக்கில் கிடந்தால் குஞ்சு உள்ளேயே சாகும், அல்லது ஊனமாக வரும். அறையைக் குளிர்விக்க வழியில்லையென்றால் அவற்றை அடை வைக்காமல் அகற்றிவிடுவதே நியாயம்.

குஞ்சுகளைத் தனித்தனியாக 20 செ.மீ. அகல டப்பாக்களில் விடுங்கள். முதல் தோல் உரித்த பிறகே தின்னும். கடுகளவு சுவர்க்கோழியும் ஒரு துளிப் பழக்கூழும் போதும். தலைகீழாக நிற்கும்போது வால் முதுகின் மேல் மடங்கி விழுந்தாலோ, தாடை ரப்பர் போல் வளைந்தாலோ கால்சியமோ யூவிபியோ போதவில்லை. அந்த வாரமே டியூபின் வயதைப் பாருங்கள்; எரிந்துகொண்டிருந்தாலும் ஓராண்டுக்கு மேலானால் மாற்றிவிட வேண்டும்.