லஞ்சம் வாங்குவதாக நடித்தவர்

ராத்திரி தூக்கம் வராமல் பழைய ஊழல் வழக்குகளைப் படித்துக்கொண்டிருந்தேன். அதில் ஒன்று 'ஆபரேஷன் கிரேலார்ட்': சிகாகோ நீதிமன்றங்களில் லஞ்சம் வாங்குபவர்களைப் பிடிக்க, அமெரிக்கப் புலனாய்வு அமைப்பான எஃப்பிஐ 1980-களில் நடத்திய ரகசிய விசாரணை. டெரன்ஸ் ஹேக் என்ற இளம் அரசு வழக்கறிஞர், நீதிமன்றத்தில் காசுக்கு வழக்குகள் விலைபோவதைப் பார்த்து வெறுத்துப்போய் வேலையை விடும் மனநிலையில் இருந்தவர். எஃப்பிஐ அவரையே கையூட்டு வாங்கும் ஆளாக நடிக்க வைத்தது. சட்டைக்குள் ரெக்கார்டரைக் கட்டிக்கொண்டு, தினமும் கூட வேலை பார்ப்பவர்களிடம் சிரித்துப் பேச வேண்டும். நமக்கெல்லாம் முதல் நாளே வேர்த்துக் கொட்டியிருக்கும்!

யார் லஞ்சம் வாங்குகிறார்கள் என்று பிடிக்க, சில வழக்குகளையும் பொய்யாகவே உருவாக்கினார்கள். எஃப்பிஐ ஆட்களே திருடர்களாக நடிக்க, விஷயம் தெரியாத போலீஸ் நிஜமாகவே கைது செய்தது. ஒரு நீதிபதியின் அறைக்குள்ளேயே ஒட்டுக்கேட்கும் கருவி வைத்தார்கள்.

கடைசியில் 90-க்கும் மேற்பட்டவர்கள் மீது வழக்கு, அதில் 17 பேர் நீதிபதிகள்.

அப்புறம் 1993-இல் தாமஸ் மலோனி என்ற சிகாகோ நீதிபதி குற்றவாளி என்று தீர்ப்பானது. கொலை வழக்கிலேயே பணம் வாங்கியவர். அதை மறைக்க, பணம் தராதவர்களிடம் வேண்டுமென்றே கடுமை காட்டினார் என்ற புகார் அமெரிக்க உச்ச நீதிமன்றம் வரை போனது. அந்த வரியைப் படித்த பிறகு சுத்தமாகத் தூக்கம் போய்விட்டது.