கல்லில் பொருத்தாமல் விட்ட ஒரு தூண்

நிலநடுக்கத்தில் பழைய கோயில் எங்கே விழுந்தாலும் உடனே ஒரு பேச்சு கிளம்பிவிடும்: செங்கல்லும் மண்ணும் மரமும் எத்தனை காலம் தாங்கும், கான்கிரீட்டில் கட்டியிருந்தால் நின்றிருக்கும் என்று. நேபாளத்தில் 2015இல் நடந்ததைப் படித்த பிறகு இந்தப் பேச்சைக் கேட்டாலே எனக்குக் கோபம் வருகிறது.

ஏப்ரல் 25, சனிக்கிழமை, நண்பகலுக்குச் சற்று முன்னால் 7.8 அளவில் பூமி அதிர்ந்தது. கிட்டத்தட்ட 9,000 பேர் இறந்துபோனார்கள். காத்மாண்டு பள்ளத்தாக்கு ஒரு காலத்தில் ஏரியாக இருந்த இடம், அடியில் ஆழமாக மென்மையான களிமண், அதனால் அங்கே குலுக்கலின் தன்மையே மாறிவிடும். காத்மாண்டு, பாட்டன், பக்தபூர் மூன்று ஊர்களின் அரண்மனைச் சதுக்கங்களிலும் கோயில்கள் சரிந்தன. காத்மாண்டுக்கே பெயர் கொடுத்த காஷ்டமண்டபம் என்ற பழைய மரமண்டபம் தரைமட்டமானது. அந்த நேரம் உள்ளே ரத்ததான முகாம் நடந்துகொண்டிருந்தது, வந்தவர்களில் பலர் இடிபாட்டிலேயே இறந்தார்கள்.

அப்புறம் நேபாளத் தொல்லியல் துறையும் இங்கிலாந்தின் டர்ஹம் பல்கலைக்கழகமும் அந்த இடத்தைத் தோண்டிப் பார்த்தார்கள். 12ஆம் நூற்றாண்டு மண்டபம் என்று நம்பியிருந்ததன் அடித்தளம் 7ஆம் நூற்றாண்டு வரை பின்னால் போனது. அதைவிட முக்கியம், அந்த அடித்தளம் இவ்வளவு குலுக்கலுக்குப் பிறகும் நல்ல நிலையில் இருந்தது. கோளாறு மேலே. மண்டபத்தின் நடுவில் கூரைச் சுமையைத் தாங்கும் நான்கு பெரிய மரத்தூண்கள், ஒவ்வொன்றும் அடிமுனையில் கழுந்து (துருத்திய மரமுனை) வைத்து அடிக்கல்லின் குழியில் உட்கார வேண்டியவை. அதில் ஒரு தூண் கல்லோடு சேராமலே நின்றிருக்கிறது. 1960களில் பழுது பார்த்தவர்கள் அதைத் திரும்பப் பொருத்தாமல், கல்லின் மேல் தளம் போட்டு மூடிவிட்டார்கள். தரையைப் பார்த்தால் யாருக்கும் எதுவும் தெரியாது. ஐம்பது வருடம் அப்படியே இருந்தது. பழைய தச்சர்கள் செய்ததில் பிழை தேடுகிறோம், நம் காலத்துப் பராமரிப்பை யாரும் கேள்வி கேட்பதில்லை.

பக்தபூரின் ஞாதபோலாவைப் பாருங்கள். 1702இல் மன்னர் பூபதீந்திர மல்லர் கட்டிய ஐந்தடுக்குக் கோயில், அதே செங்கல், அதே மரம், அதே மண் சாந்து. 1934இன் பெரிய நிலநடுக்கத்திலும் விழவில்லை, 2015இலும் விழவில்லை. சரி, பழைய முறையில் கட்டிய எல்லாமே நிற்கும் என்று நான் சொல்லவில்லை, நிறைய விழுந்தன. கூரை ஒழுகினால் உத்தரத்தின் முனை இற்றுப்போகும், ஓட்டு இடுக்கில் செடி முளைத்தால் வேர் சுவரைப் பிளக்கும், இதெல்லாம் கண்ணுக்குத் தெரியாத இடத்தில் நடப்பது. இவற்றை ஏறிப் பார்க்க வருடா வருடம் ஆள் வேண்டும், பணம் வேண்டும், மூட்டு எப்படிப் பொருந்தியிருக்கிறது என்று தெரிந்த தச்சர் வேண்டும். ஒவ்வொரு கட்டடத்துக்கும் அளவெடுத்த வரைபடம் இருக்க வேண்டும். இடிந்த பிறகு புல்டோசரை உள்ளே விடாமல் செதுக்கிய மரங்களைப் பிரித்தெடுத்து எண் போட்டு வைக்க வேண்டும். மீட்பு வேலை நடக்கும்போது உயிர்தான் முதலில், அதில் சந்தேகமே இல்லை, ஆனால் அதற்குப் பிறகும் இயந்திரம் வைத்து வாரிக் கொட்டினால் நிலநடுக்கத்துக்குத் தப்பியதும் நொறுங்கிவிடும்.

மறுகட்டுமானத்திலும் இதே சண்டைதான். 1670இல் மன்னர் பிரதாப மல்லர் காத்மாண்டில் வெட்டிய ராணி போக்ரி குளத்தில் கான்கிரீட் போட ஆரம்பித்தபோது ஊர்க்காரர்கள் தெருவில் இறங்கிப் போராடி வேலையை நிறுத்தினார்கள். பிறகு செங்கல்லும் களிமண்ணும் வைத்து 2020இல் குளம் முடிந்தது. காஷ்டமண்டபத்துக்கும் உள்ளூர்க்காரர்களே பொறுப்பெடுத்து நின்றார்கள், 2022க்குள் அது மரத்திலேயே மறுபடி எழுந்துவிட்டது. இனி அதன் தூண்களை யார், எத்தனை வருடத்துக்கு ஒருமுறை, தளத்தைத் தூக்கிப் பார்க்கப் போகிறார்கள் என்பதை இப்போதே எழுத்தில் முடிவு செய்து வைக்க வேண்டும்.