'அடித்தல்' என்னும் சொல்: பத்தாம் வகுப்புக் கணித நாட்குறிப்பு

ஆகஸ்ட் 5, 2024, திங்கள்

பத்தாம் வகுப்புக்கு இன்று இருபடிச் சமன்பாடுகளில் 25 மதிப்பெண்ணுக்கு அலகுத் தேர்வு வைத்தேன். 32 பேர் எழுதினார்கள். எக்ஸ் வர்க்கம் சமம் 5 எக்ஸ் என்பதைத் தீர்க்கும்படி இரண்டு மதிப்பெண் கேள்வி ஒன்று இருந்தது. தாளிலேயே எளிய கேள்வி அதுதான் என்று நினைத்திருந்தேன். மாலையில் திருத்த உட்கார்ந்தபோது, 21 பேர் இரு பக்கமும் உள்ள எக்ஸின் மேல் கோடு கிழித்துவிட்டு, எக்ஸ் சமம் 5 என்று எழுதிக் கட்டம் கட்டியிருந்ததைப் பார்த்தேன். பூச்சியம் என்ற இன்னொரு மூலத்தை, அதாவது சமன்பாட்டை நிறைவுசெய்யும் இன்னொரு விடையை, காணவில்லை.

என்ன மதிப்பெண் போடுவது என்று நெடுநேரம் தெரியவில்லை. எழுதியிருப்பது பொய்யல்ல, 5 ஒரு மூலம்தான். பிரதியிட்டுச் சரிபார்க்க வேண்டும் என்று நான் ஓயாமல் சொல்வதை மதித்து, ஒன்பது பேர் அடியில் 25 சமம் 25 என்று சரிபார்த்தும் இருந்தார்கள். கையில் இருக்கும் விடை சரியா என்பதைத்தான் பிரதியிடுதல் காட்டும்; கை நழுவிப் போன விடை ஒன்று உண்டா என்பதை அது காட்டாது. இந்த வேறுபாட்டை வகுப்பில் நான் ஒருநாளும் எடுத்துச் சொன்னதில்லை. அந்த 21 பேருக்கும் ஒரு மதிப்பெண் போட்டேன்.

ஆகஸ்ட் 6, செவ்வாய்

மதிய உணவு இடைவேளையில் ஒரு மாணவியை அழைத்து, அந்த வரியில் என்ன செய்தாய் என்று கேட்டேன். "ரெண்டு பக்கமும் எக்ஸ் இருந்துச்சு டீச்சர், அதான் அடிச்சிட்டேன்" என்றாள். வகுத்தேன் என்று அவள் சொல்லவில்லை. எதால் வகுத்தாய் என்று கேட்டபோது, வகுத்தல் எங்கே வந்தது என்பதுபோல என்னைப் பார்த்தாள்.

அவளுடைய பழைய குறிப்பேட்டை வாங்கிப் புரட்டினேன். விகிதமுறு கோவைகளைச் சுருக்கும் பயிற்சியில், தொகுதியில் எக்ஸ் கூட்டல் 6, பகுதியில் எக்ஸ் கூட்டல் 3 என்றிருந்த பின்னத்தில், மேலும் கீழும் உள்ள எக்ஸை அடித்து, 6-ஐ 3-ஆல் வகுத்து, விடை 2 என்று எழுதியிருந்தாள். எக்ஸுக்கு 1 என்று போட்டுப் பார்த்தாலே ஏழின் கீழ் நான்கு என்று வந்து, அந்த விடை தவறென்று தெரிந்திருக்கும். 'மேலேயும் கீழேயும் ஒன்றாக இருந்தால் அடித்துவிடலாம்' என்று அந்தப் பாடத்தில் கரும்பலகையின் முன் நின்று சொன்னவள் நான்தான். பொதுக் காரணியை என்று ஒருமுறை சொல்லியிருப்பேன். அடித்துவிடலாம் என்பதை எத்தனையோ முறை சொல்லியிருப்பேன்.

அடித்தல் என்பது கண்ணும் கையும் செய்கிற வேலை. ஓர் எழுத்தின் மேல் கோடு விழுந்ததும் அங்கே இனி எதுவும் இல்லை என்று பிள்ளைகள் எடுத்துக்கொள்கிறார்கள். இரு பக்கத்தையும் எக்ஸால் வகுக்கிறேன் என்று முழுமையாகச் சொல்லியிருந்தால், எக்ஸ் பூச்சியமாக இருந்தால் என்ன ஆகும் என்ற கேள்வி ஒருவருக்காவது எழுந்திருக்கும். கூட்டலால் பிணைந்த ஓர் உறுப்பை மட்டும் தனியே வகுக்க முடியாது என்பதும் விளங்கியிருக்கும். 'அந்தப் பக்கம் போனால் குறி மாறும்' என்ற இன்னொரு சுருக்கமும் இதே வகையைச் சேர்ந்ததுதான். 5 எக்ஸ் சமம் 20 என்பதில் ஐந்தை அந்தப் பக்கம் கொண்டுபோய்க் குறியையும் மாற்றி, எக்ஸ் சமம் 15 என்று எழுதும் பிள்ளைகள் ஒவ்வோர் ஆண்டும் எனக்குக் கிடைக்கிறார்கள்.

ஆகஸ்ட் 8, வியாழன்

மதிப்பெண்களைப் பதிவேட்டில் மட்டும் ஏற்றிவிட்டு, விடைத்தாள்களில் எண் எதுவும் போடாமல், தவறிய ஒவ்வோர் இடத்திலும் ஒரு கேள்வியை எழுதித் திருப்பிக் கொடுத்தேன். 'இங்கே எதால் வகுத்தாய்? அது எந்த மதிப்பாக இருந்தால் வகுக்க முடியாது?' என்பது 21 தாள்களிலும் எழுதிய கேள்வி. கல்வி ஆய்வாளர் ரூத் பட்லர் 1988-இல் வெளியிட்ட ஆய்வொன்று பல ஆண்டுகளாக என் மனத்தில் இருந்தது. மதிப்பெண் மட்டும் பெற்றவர்கள், குறிப்புரை மட்டும் பெற்றவர்கள், இரண்டும் பெற்றவர்கள் என்று மாணவர்களைப் பிரித்துப் பார்த்ததில், குறிப்புரை மட்டும் பெற்றவர்களே முன்னேறினார்கள். மதிப்பெண்ணும் சேர்ந்து வந்தபோது குறிப்புரையின் பயன் போய்விட்டது.

"எவ்வளவு டீச்சர்?" என்ற குரல்தான் முதல் பத்து நிமிடமும் வகுப்பை நிறைத்தது. அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. பொதுத்தேர்வில் 100-க்கு 35 எடுக்க வேண்டும் என்பது அவர்கள் வீட்டில் தினமும் பேசப்படும் எண். அந்த வினாத்தாளில் ஒரு மதிப்பெண் கேள்விகள் 14. அங்கே சரியான விடையைத் தேர்ந்தால் போதும், எப்படி வந்தது என்று யாரும் கேட்பதில்லை. வழியை எழுதிக் காட்டும் கேள்விகளில்தான் படிநிலைக்கு மதிப்பு உண்டு. பிள்ளை நினைத்தது அந்தப் படிகளில்தான் எனக்குத் தெரிகிறது. ஆகவே எண்ணைக் கேட்டவர்களுக்கு மாலையில் தனியாகச் சொல்கிறேன் என்றேன். அதன்பின் தாளைப் படிக்கத் தொடங்கினார்கள்.

ஆகஸ்ட் 12, திங்கள்

இன்று அல்குவாரிஸ்மியைப் பற்றிச் சொன்னேன். ஒன்பதாம் நூற்றாண்டில் பாக்தாதில் இருந்து இயற்கணித நூல் எழுதிய அவர், சமன்பாடுகளை ஆறு வகைகளாகப் பிரித்தார். முதல் வகைக்கு அவர் காட்டும் முதல் எடுத்துக்காட்டு, வர்க்கம் ஒன்று ஐந்து மூலங்களுக்குச் சமம் என்பது. மூலம் என்று அவர் இங்கே சொல்வது நம் எக்ஸை; அதாவது நம் தேர்வில் வந்த அதே சமன்பாடு. அவர் தரும் விடை ஐந்து மட்டுமே; பூச்சியத்தை அவர் விடையாகக் கொள்ளவில்லை. அவருக்கு முன்பே, 628-இல், இந்தியக் கணிதர் பிரம்மகுப்தர் பூச்சியத்தை எண்ணாகக் கொண்டு கூட்டல் கழித்தலுக்கு விதிகள் வகுத்திருந்தும், பூச்சியத்தைப் பூச்சியத்தால் வகுத்தால் பூச்சியம் என்று எழுதிய இடத்தில் பிழைபட்டார்.

வகுப்பு அமைதியாகக் கேட்டது. தங்கள் விடை அத்தனை பழமையானது என்று தெரிந்ததும் பலர் நிமிர்ந்து உட்கார்ந்ததைப் பார்க்க எனக்கு மகிழ்ச்சியாக இருந்தது. பிறகு எல்லாவற்றையும் ஒரே பக்கம் கொண்டுவந்து, எக்ஸைப் பொதுக் காரணியாக வெளியே எடுத்து, இரண்டு காரணிகளின் பெருக்கல் பூச்சியம் என்றால் அவற்றுள் ஒன்றாவது பூச்சியமாக வேண்டும் என்பதை அவர்கள் வாயாலேயே சொல்லவைத்தேன். பாட வேளை முழுவதும் அடித்தல் என்ற சொல்லை நான் பயன்படுத்தவில்லை. மூன்று முறை நாக்கு நுனி வரை வந்தது.

ஆகஸ்ட் 16, வெள்ளி

இரண்டே கேள்விகளுடன் சிறு தேர்வு. 3 எக்ஸ் வர்க்கம் சமம் 12 எக்ஸ் என்பதற்கு 27 பேர் பூச்சியமும் நான்கும் எழுதினார்கள். ஒரு மாணவன் காரணிப்படுத்தவே இல்லை: 'எக்ஸ் பூச்சியம் என்றால் இரண்டு பக்கமும் பூச்சியம், அதனால் அது ஒரு விடை. பூச்சியம் இல்லை என்றால் 3 எக்ஸால் வகுக்கலாம், அப்போது 4' என்று எழுதியிருந்தான். நான் கற்பிக்காத வழி அது. முழு மதிப்பெண் கொடுத்தேன்.

எக்ஸ் வர்க்கம் சமம் 9 என்ற இரண்டாம் கேள்விக்கு நான்கு பேர் பூச்சியம், மூன்று என்று எழுதியிருக்கிறார்கள். மறைந்திருக்கும் மூலம் என்றாலே பூச்சியம்தான் என்று எடுத்துக்கொண்டார்கள் போலும். கழித்தல் 3 விடுபட்டுவிட்டது. திங்களன்று அந்த நால்வரிடமும் பூச்சியத்தைப் பிரதியிட்டுப் பார்க்கச் சொல்ல வேண்டும். இங்கே பிரதியிடுதல் உதவும்.