தூரத்தின் கனமாக இருந்தால்?

இந்த மலரில் மற்றவர்கள் விடுதி நாட்களையும் விளையாட்டுப் போட்டிகளையும் எழுதுவார்கள். எனக்கு எழுத இருப்பது உயர்தர வகுப்பின் ஒரு பௌதிகப் பாடவேளை மட்டும்தான். கூட இருந்தவர்களில் பாதிப் பேருக்கு அது ஞாபகமே இருக்காது. பரீட்சைக்கு வராத விஷயம்.

ஈர்ப்பு தூரத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் குறையும் என்ற நியூட்டனின் விதியைச் சேர் கரும்பலகையில் எழுதியதும், பின்வாங்கில் இருந்த ஒருவன் எழுந்தான். "சேர், தூரத்தின் வர்க்கம் ஏன்? மூன்றாம் அடுக்கான கனமாக இருந்தால் என்ன?" குழப்படிக்குக் கேட்டதுதான். சேர் சோக்கட்டியைக் கீழே வைத்தார்.

"அதற்கு நீர் நாலு பரிமாண உலகத்தில் பிறந்திருக்க வேணும்."

காரணம் சின்னது. சூரியனின் ஈர்ப்பு எல்லாத் திசையிலும் பரவுகிறது. தூரம் இரட்டித்தால் அது பரவும் கோளத்தின் மேற்பரப்பு நான்கு மடங்காகிறது, ஈர்ப்பு காற்பங்காகிறது. வெளிக்கு நான்கு பரிமாணம் இருந்தால் அந்த மேற்பரப்பு தூரத்தின் கனமாக வளரும். ஈர்ப்பும் அதே கணக்கில் குறையும். ஐந்து பரிமாணம் என்றால் நாலாம் அடுக்கு.

"சரி சேர், கிரகம் கொஞ்சம் மெதுவாகச் சுற்றும், அவ்வளவுதானே?" அவன் விடவில்லை.

சேர் இரண்டு எண்களை எழுதினார்: 7.9, 11.2. நாங்கள் பாடமாக்கி வைத்திருந்தவைதான். பூமியை ஒட்டிச் சுற்ற விநாடிக்கு 7.9 கிலோமீற்றர், தப்பிப் போக 11.2. இரண்டாவது முதலாவதைப் போல் ஏறத்தாழ 1.4 மடங்கு. இந்த இடைவெளிதான் சுற்றுப்பாதைகளைக் காப்பாற்றுகிறது. செய்மதியின் வேகம் கொஞ்சம் கூடினால் அது ஓடிவிடாது, வட்டம் நீள்வட்டமாகும், அவ்வளவுதான்.

அப்புறம் அதே கணக்கைக் கனத்தோடு செய்யச் சொன்னார். இரண்டு வேகமும் ஒன்றாகவே வந்தன! வட்டத்தில் சுற்றும் வேகமே தப்பும் வேகம். துளி கூடினாலும் கிரகம் போனது போனதுதான். துளி குறைந்தால் சுருண்டு சுருண்டு சூரியனில் விழும். கூர் சீவிய பென்சிலை முனையில் நிறுத்துகிற கதை. ஐந்து பரிமாணத்தில் நிலைமை இன்னும் மோசம்: தப்பும் வேகம் சுற்றும் வேகத்தை விடவும் குறைவு. இரண்டு பரிமாணத்தில் நேர் எதிர். அங்கே எவ்வளவு வேகமாக எறிந்தாலும் தப்பவே முடியாது.

பல வருடம் கழித்து, ஒரு நீண்ட விமானப் பயணத்தில் இதை மேலும் கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்த்தேன். பூமியை இன்றைய தூரத்தில் நாலு பரிமாண வெளியில் விட்டு, வட்டத்துக்கு வேண்டிய வேகமும் இன்றையதுதான் என்று வைத்து, அதில் 1 சதவீதம் மட்டும் குறைத்தால், சூரியனில் போய் விழப் பதின்மூன்றரை மாதம்தான்! உண்மையில் ஜூலைத் தொடக்கத்தில், சூரியனுக்கு மிகத் தொலைவில் இருக்கும்போது, நம் பூமி அந்த இடத்து வட்ட வேகத்தை விட 0.8 சதவீதம் அளவுக்குக் குறைவாகத்தான் ஓடுகிறது. ஒன்றும் ஆவதில்லை. ஜனவரியில் 14.7 கோடி கிலோமீற்றர் வரை கிட்ட வந்து, வேகம் பிடித்து, மறுபடி விலகிப் போகிறது.

அன்று இன்னொருத்தி கேட்ட கேள்விதான் எனக்கு மிகவும் பிடித்தது. கூடுதலாக ஒரு திசை இருக்கிறதே, கிரகம் அந்தப் பக்கம் ஒதுங்கிக்கொள்ளாதா? ஒதுங்காது. ஈர்ப்பு எப்போதும் சூரியனை நோக்கியே இழுக்கிறது. சூரியனிலிருந்து கிரகத்துக்குள்ள கோடும் அது ஓடும் திசையும் சேர்ந்து ஒரு தளத்தைத் தீர்மானித்துவிடும். அதிலிருந்து வெளியே தள்ள எந்த விசையும் இல்லை. எத்தனை பரிமாணம் இருந்தாலும் பாதை ஒரு தட்டையான தளத்துக்குள்தான் கிடக்கும்.

இந்த வாதத்தை 1917இலேயே பவுல் எரன்ஃபெஸ்ட் என்ற பௌதிகவியலாளர் எழுதியிருக்கிறார் என்பது பல்கலைக்கழகத்தில்தான் தெரிந்தது. அணுக்களுக்கும் இதே கேள்வியைப் போட்டுப் பார்த்திருக்கிறார். சேர் அவர் பெயரைச் சொன்னதில்லை, எங்கே படித்தாரோ.

கூடுதல் பரிமாணங்கள், மெல்லிய குழாயின் சுற்றைப் போல, மிகச் சிறியதாகச் சுருண்டு கிடந்தால் கிரகங்களுக்கு ஆபத்தில்லை. சுருளின் அளவை விடக் கிட்டிய தூரத்தில் மட்டுமே ஈர்ப்பு வேறு அடுக்கில் மாறும். சுருள் மில்லிமீற்றர் அளவுக்குக்கூட இருக்கலாம் என்று 1998இல் ஒரு யோசனை வந்ததிலிருந்து அதைத் தேடுகிறார்கள். வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் மெல்லிய இழை முறுகுவதைக் கொண்டு நுண்ணிய விசையை அளக்கும் முறுக்குத் தராசை வைத்து 52 மைக்ரோமீற்றர் வரை அளந்து 2020இல் முடிவை வெளியிட்டார்கள். அந்தத் தூரம் வரை வர்க்க விதியிலிருந்து விலகல் எதுவும் தென்படவில்லை.