மகளின் கன்னத்துச் சிவப்பு

எங்கள் மகளின் கன்னத்திலும் வாயோரத்திலும் தோன்றும் செம்பொரிகள் சில நாள்களில் அடங்கி, மீண்டும் தலைகாட்டுகின்றன. சென்னை வெயிலுக்கு வந்த வேர்க்குரு என்றார் மாமியார். மார்கழியிலும் வந்ததால் அந்த விளக்கம் நிற்கவில்லை. மருந்துக்கடையில் சீட்டுக் கேட்காமலேயே நீட்டிய களிம்பில் ஸ்டீராய்டு இருந்தது (இதுதான் நம் ஊர் வழக்கம்!), அதை முகத்தில் தொடர்ந்து பூசினால் முதலில் அடங்குவதுபோல் தோன்றி, நிறுத்தியதும் வாயைச் சுற்றிப் பொரிகள் பெருகக்கூடும் என்பதால் வாங்காமல் திரும்பினேன். தோல் மருத்துவரோ கேள்விகளையே அதிகம் கேட்டார்: அரிப்பும் முழங்கை மடிப்பில் வறட்சியும் இருந்தால் எக்ஸிமா எனும் தோல் அழற்சியாக இருக்கலாம், சாப்பிட்ட சில நிமிடங்களுக்குள் கன்னம் பட்டையாகச் சிவந்து தானே மறைந்தால், அது உணவு ஒவ்வாமையாக இல்லாமல், உமிழ்நீர்ச் சுரப்பியைச் சார்ந்த நரம்பின் கோளாறாகவும் இருக்கலாம். ஆகவே, உமிழ்நீரை ஊறவைக்கும் புளிச்சாதத்தை அவள் சாப்பிடும்போதெல்லாம் கைப்பேசியில் படமெடுத்து, நேரம் குறித்து வைக்கிறோம்.