மன்றம் இல்லாத ஓவியன் அரச நிதி கேட்டால்

அரச கலை நிதிக்கான விண்ணப்பப் படிவத்தின் முதல் பக்கத்தில் மன்றத்தின் பெயர், பதிவு இலக்கம், தலைவர், செயலாளர், பொருளாளர் என்று கட்டங்கள் இருந்தன. நான் தனியாள். திருகோணமலைப் பக்கம் கலைக்கு வரும் அரச உதவி பெரும்பாலும் பிரதேச செயலகத்தில் பதிந்த கூத்து, நாடக மன்றங்களை மனதில் வைத்தே வருகிறது. நாலு பேர் கையெழுத்து இருந்தால் கணக்காய்வுக்குப் பதில் சொல்ல ஆள் இருக்கும், அவ்வளவுதான் காரணம். எந்தத் திட்டம், எந்த அலுவலகம் என்பதை விட்டுவிடுகிறேன்.

சல்லி, சாம்பல்தீவுக் கரையில் கரைவலை இழுப்பவர்களை வரைந்து, ஊரிலேயே கண்காட்சி வைக்க வேண்டும் என்பது என் எண்ணம். கலாசார உத்தியோகத்தர் மிஸ் கட்டங்களுக்குக் குறுக்கே கோடு கீறி, "தனிநபர் எண்டு எழுதுங்கோ" என்றார். கூடவே கிராம அலுவலர் சான்றிதழ், அதில் பிரதேச செயலாளரின் மேலொப்பம், வங்கிப் புத்தகப் பிரதி, முந்திய கண்காட்சிகளின் அழைப்பிதழ்கள். பழைய அழைப்பிதழ்களைத் தூக்கிப் போடாதவர்கள் பாக்கியசாலிகள்.

திட்ட விளக்கத்தை வாசித்துவிட்டு, "வடிவாத்தான் எழுதியிருக்கிறீங்கள் தம்பி. ஆனா எத்தனை படம், என்ன அளவு, எங்க வைப்பீங்கள், ஆர் பார்க்க வருவினம்? கமிட்டி அதைத்தான் கேக்கும்" என்றார். சரியான பேச்சு. கடலும் மனிதனும் பற்றிய பந்தி இரண்டு வரியானது. அந்த இடத்தில் அளவுகளும், மண்டபமும், பாடசாலைப் பிள்ளைகளுக்கு ஒரு பட்டறையும் ஏறின.

உண்மையான தலையிடி வரவு செலவுத் திட்டம். ஒவ்வொரு பொருளுக்கும் மூன்று கூறுவிலை, அதாவது இன்ன விலைக்குத் தருவோம் என்று கடை எழுதித் தருவது, வேண்டும், கடையின் கடிதத் தலைப்பில், வியாபாரப் பதிவு இலக்கத்தோடு. கன்வஸ், வர்ணம் எல்லாம் கொழும்பிலிருந்து வருபவை, கூறுவிலையும் அங்கிருந்தே வந்தது, பிரச்சினை இல்லை. படங்களுக்கு மரச்சட்டம் அடித்துத் தரும் தச்சர் அண்ணனிடம் என்ன கடிதத் தலைப்பு? அவர் விலையை எழுதித் தந்தது ஒரு பலகைத் துண்டின் பின்பக்கம், பென்சிலால். பிறகு அவரையே ஒரு கடதாசியில் அடையாள அட்டை இலக்கம், முகவரி, வேலை விபரம், தொகை எழுதிக் கையெழுத்து வைக்கச் சொல்லி, கிராம அலுவலரிடம் உறுதிப்படுத்தி எடுத்தேன். கணக்குப் பிரிவு முனகியது, ஆனால் ஏற்றுக்கொண்டது. பதிவில்லாத கைவினைஞர்களோடு வேலை செய்பவர்கள் இதை முன்கூட்டியே கேட்டு வைப்பது நல்லது.

வரைகிறவனின் கூலிக்கு மட்டும் எந்தக் கட்டமும் கிடையாது. மாதக்கணக்காக நான் நிற்கும் வேலைக்குப் பெறுமதி பூச்சியம். ஆனால் அதே நான் பிள்ளைகளுக்கு ஒரு பகல் படிப்பித்தால் 'வளவாளர் கொடுப்பனவு' என்று படிப்பிப்பவருக்கான காசு உண்டு. இதை அநியாயம் என்றுதான் சொல்வேன். ஆனாலும் பட்டறையைச் சேர்த்ததால்தான் என் கைக்கு ஏதோ வந்தது.

அடுத்தது காலம். அரச நிதியாண்டு ஜனவரியில் தொடங்கி டிசம்பரில் முடிகிறது. அனுமதிக் கடிதம் வரும்போது ஆண்டின் பெரும்பகுதி போயிருந்தது. பற்றுச்சீட்டுகளோ டிசம்பருக்குள் சேர வேண்டும். வாடைக்காற்றும் மழையும் தொடங்கினால் கரைவலை ஓய்ந்துவிடும், கரையில் வரைவதற்கு ஆளே இருக்காது. நல்லகாலம், கடிதத்துக்குக் காத்திராமல் ஆவணி, புரட்டாதியிலேயே கரையில் உட்கார்ந்து குறிப்புப் படங்கள் கீறி வைத்திருந்தேன். கேட்டதைவிடக் குறைவாகவே அனுமதித்தார்கள், அதனால் பெரிய படங்கள் சிறியவையாகின. அதிலும் ஒரு பகுதிதான் முன்பணம். மிச்சம் செலவழித்துக் காட்டிய பிறகு. இடைவெளிக்கு அக்காவின் சீட்டுக் காசு கைகொடுத்தது. அப்படி ஒரு கை இல்லாதவர் என்ன செய்வார் என்று படிவம் தயாரித்தவர்கள் யோசித்ததாகத் தெரியவில்லை.

எந்தக் கடிதம் கொடுத்தாலும் இரண்டு பிரதி கொண்டுபோய், ஒன்றில் திகதி முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள். என் இறுதி அறிக்கை கிடைக்கவே இல்லை என்று ஒரு நாள் தொலைபேசியில் சொன்னார்கள். முத்திரை குத்திய பிரதியைக் கொண்டுபோய் மேசையில் வைத்தேன். மிச்சக் காசு அடுத்த கிழமை கணக்கில் விழுந்தது.