ஞாயிற்றுக்கிழமைக் கடிகாரக்காரன்

எனக்குப் பெங்களூரில் கணக்குத் தணிக்கை வேலை. ஞாயிற்றுக்கிழமையானால் பழைய எச்எம்டி கைக்கடிகாரங்களைத் திறந்துவைத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவேன். ஜப்பானின் சிட்டிசன் நிறுவனத்தோடு சேர்ந்து 1961இல் எச்எம்டி கைக்கடிகாரம் செய்ய ஆரம்பித்த ஊர் இது. அந்தப் பைத்தியம் இங்கே சுலபமாகத் தொற்றிக்கொள்ளும்.

சி.வி. ராமனே கல்கத்தாவில் கணக்குத் துறை அதிகாரியாக இருந்துகொண்டு மாலையில் ஆய்வு செய்தவர்தானே, 1917இல் வேலையை விட்டுவிடவில்லையா என்று நண்பர்கள் உசுப்பேற்றுவார்கள். நானும் கொஞ்சம் மயங்கித்தான் இருந்தேன்.

அப்புறம் அலுவலகத்தில் ஒரு பெண் தன் அப்பாவின் எச்எம்டி 'ஜனதா' கடிகாரத்தைக் கொண்டுவந்தார். 17 கல், சாவி கொடுக்கிற ரகம். "அடுத்த வாரம் அப்பாவுக்குச் சதாபிஷேகம் சார். அன்னைக்குக் கட்டிவிடணும்."

சரி என்றேன். என் சொந்தக் கடிகாரமென்றால் ஒரு திருகு எகிறிக் கட்டிலடியில் போனாலும் நிதானமாகத் தேடுவேன். கிடைக்காவிட்டால் மூடிவைத்துவிட்டு இன்னொன்றை எடுப்பேன். இதிலோ, தேதி குறித்தாகிவிட்டதும் கை நடுங்கியது. ட்வீசர் நுனி பட்டு, முடிபோல மெல்லிய சுருள்வில்லான ஹேர் ஸ்பிரிங் சிக்கிக்கொண்டது. நான்கு இரவு போராடியும் பிரியவில்லை.

சிவாஜிநகர்ச் சந்தில் கடை வைத்திருக்கும் வாணியம்பாடி பாயிடம் ஓடினேன். கண்ணில் லென்ஸை மாட்டிப் பார்த்தவர், "நீங்களே திறந்தீங்களா சார்?" என்றார். அவ்வளவுதான், திட்டவில்லை.

அவர் வேலை செய்ததில் ரசனை என்று ஒன்றும் தெரியவில்லை. ஜனதாவைப் பற்றி நான் சேர்த்துவைத்திருந்த கதை எதையும் அவர் கேட்கவில்லை. நடுவில் இரண்டு பேருக்கு பேட்டரி மாற்றிக் கொடுத்தார், போனில் வீட்டோடு மளிகைக் கணக்குப் பேசினார். அரை மணியில் டிக்டிக் கேட்டது. நான் கையை நீட்டினேன், தரவில்லை.

"ரெண்டு நாள் ஓடட்டும். டைம் பாத்துட்டுத் தரேன்."

இது எனக்குப் பழக்கமான விஷயம். கணக்கு ஒத்துப்போன பிறகும் வவுச்சர்களை இன்னொரு முறை புரட்டாமல் நான் கையெழுத்துப் போடுவதில்லை. அலுப்பாகத்தான் இருக்கும். கடிகாரத்தில் எனக்கு அந்தப் பொறுமை ஒருநாளும் வந்ததில்லை. டிக்டிக் கேட்டதுமே என் ஆர்வம் தீர்ந்துவிடும்.

இரண்டு நாள் கழித்துப் போனபோது, என்ன வேலை பார்க்கிறீர்கள் என்று கேட்டார். சொன்னேன்.

"அதையும் ஞாயித்துக்கிழமை வீட்டுல செஞ்சு பாப்பீங்களா?"

"ஐயோ, மாட்டேன் பாய்."

சிரித்தார். அப்போதுதான் கவனித்தேன், அவர் மணிக்கட்டில் கடிகாரமே இல்லை. மாடியில் புறாக்களுக்குத் தீனி போட நேரமாகிவிட்டது என்று ஷட்டரை இழுத்தார்.